வேலியில்லாக் காணி தேடிய வருடம்

தொத்தோருக்கு இடது கண் முதலில் போனது. காலம் முழுவதும் மற்றவர்களின் வாய்க்குள் குனிந்து பார்த்த பல்வைத்தியர் அவர். இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்து லிபெர்த்தா வீதியில் இருக்கிற அவருடைய வீட்டுக்கு நான் துப்பரவு வேலைக்குப் போகத் தொடங்கியபோது அவருக்குத் தலைமயிர் கறுப்பு. அவருடைய மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பிறகு நோயில் கிடந்த அவருடைய மனைவியைக் கடைசிவரை நான்தான் பார்த்தேன். அந்த அம்மா போன பிறகும் என்னை நிற்பாட்டவில்லை. காலையில் போய்ச் சமைத்து, மருந்து எடுத்துக் கொடுத்து, பின்னேரம் பஸ் ஏறி, ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். இங்கே வைத்தியர்களையும் படித்த பெரியவர்களையும் தொத்தோரே என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். மகள் அப்போது மிலானோவில் வேலையாயிருந்தாள். வைத்தியர் வலது கண்ணுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, அதிலும் தொடங்கிவிட்டது, ஒரு வருடம் சுகமாகப் பார்ப்பீர்கள், அதற்குப் பிறகு நான் வாக்குத் தரமாட்டேன் என்றார். தொத்தோர் நேரே வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து சொன்னார். அவர் சொன்னது இத்தாலியனில். நான் எங்கள் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன்.

"அப்ப இந்த வருஷமே அந்திலோக்காப்ராவைச் சுடவேணும்."

அந்திலோக்காப்ரா என்பது அமெரிக்காவில் இருக்கிற ஒரு மிருகம். மானும் இல்லை, ஆடும் இல்லை. மண்நிற உடம்பு, வெள்ளை வயிறு, கறுப்புக் கொம்பு. அந்தக் கொம்பில் நடுவில் ஒரு சின்னக் கிளை முன்னுக்கு நீண்டிருக்கும். காட்டுக்குள் ஒளியாது. வெட்ட வெளியில்தான் நிற்கும். ஓடத் தொடங்கினால் அந்த நாட்டில் அதைப் பிடிக்க ஒரு மிருகம் இல்லையாம். தொத்தோர் ஞாயிற்றுக்கிழமைகளில் பலேர்மோவுக்குப் பின்னால் இருக்கிற மலைகளில் முயலும் கவுதாரியும் சுட்டு வளர்ந்தவர். அந்திலோக்காப்ராவைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தார். அவருடைய வீட்டுக்குக் கீழே உள்ள பாரில் காலையில் கோப்பி குடிக்க வரும் வயதான அவ்வொக்காத்தோ, அதாவது வக்கீல், முந்தி ஒருமுறை அமெரிக்காவுக்குப் போய், வழிகாட்டி ஒருவனைப் பிடித்து, ஒன்றைச் சுட்டு, தலையைக் கொண்டுவந்து சுவரில் மாட்டி வைத்திருந்தார். அதைத் தொத்தோரால் பொறுக்க முடியவில்லை.

"வழிகாட்டி கூட்டிக்கொண்டு போய், 'இதைச் சுடுங்கோ ஐயா' எண்டு காட்ட, சுட்டுப்போட்டு வாறது வேட்டையோ? அது டாக்ஸியிலை போற மாதிரி" என்பார்.

அவருக்குத் தானாகப் போகவேண்டும். தானே இடம் பார்த்து, தானே மிருகத்தைக் கண்டு, தானே சுடவேண்டும்.

மகள் போனில் முதலில் சத்தம் போட்டாள். பிறகு அழுதாள். மூன்றாம் நாள், தானும் கூட வந்து கார் ஓடுவதாகச் சொன்னாள். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, தகப்பனுடைய முழங்காலுக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடக்கமுடியாது, அதனால் றோட்டு அருகில் இருக்கவேண்டும். மற்றது, எல்லாருக்கும் உரிமையான காணியாக இருக்கவேண்டும், ஒருவரோடும் பிரச்சினைப்படக்கூடாது.

"முதல்லை காணியைக் காட்டுங்கோ பாப்பா. பிறகு டிக்கெட் போடுறன்" என்றாள். இங்கே தகப்பனைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்படித்தான் நாங்கள் காணி தேடத் தொடங்கினோம். நாங்கள் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். கொம்பியூட்டரில் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்க்கப் பார்க்க அவருடைய வலது கண்ணும் களைத்துத் தண்ணீர் வடியும். ஒருநாள் நான் மீன் துண்டுகளுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். என்னை அவர் சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"சிஞ்ஞோரா, கையைக் கழுவிப்போட்டு இஞ்சை வந்து இருங்கோ. என்ன தெரியுது எண்டு சொல்லுங்கோ."

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. கொம்பியூட்டரைத் துடைத்திருக்கிறேன், தொட்டதில்லை. அந்த வீட்டில் இத்தனை காலத்தில் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் சுகமா என்று கேட்டிருக்கிறார்கள். உனக்கு என்ன தெரிகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஈரக் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தேன்.

"மண் தெரியுது தொத்தோரே."

"மண் எனக்கும் தெரியுது. வேலி தெரியுதோ?"

வேலியைத்தான் அவர் தேடச் சொன்னார். ஏனென்றால் இத்தாலியில் வேட்டைக்காரருக்கு ஒரு பழைய சட்டம் இருக்கிறதாம். காணிக்காரன் வேலியடைத்து, வேட்டையாடக்கூடாது என்று பலகையும் போட்டிருந்தால் உள்ளே கால் வைக்கக்கூடாது. வேலி இல்லாவிட்டால் ஆருடைய காணியானாலும் வேட்டைத் துவக்கோடு நடந்து போகலாம். காணிக்காரன் மறிக்க ஏலாது. தொத்தோர் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் நடந்தவர். மலைக்குப் போனால் அவருடைய கண் முதலில் தேடுவது கம்பியைத்தான்.

எனக்கும் அது புதுமையாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வேலியைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு வேலிக் கதியால் அரை அடி தள்ளி நடப்பட்டதற்காகச் சகோதரங்கள் ஆயுள் முழுவதும் முகம் பார்க்காமல் இருந்த ஊர் எங்களுடையது. பிறகு ஆமி வந்து போட்ட கம்பி வேலிக்குள் எங்கள் வீட்டு வளவே போய்விட்டது. வேலிக்கு உள்ளே என்றால் ஒருவருடையது. வெளியே என்றால் தரவை, மாடு மேயும், ஆரும் நடக்கலாம். சிசிலிக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரியும் ஒரே எண்ணத்தோடு அமெரிக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் பிழைவிட்டால் மற்றவர் திருத்த ஒரு வழியும் இல்லை.

வயோமிங் என்ற மாநிலத்தை அவர் தெரிந்தெடுத்திருந்தார். அங்கே வேட்டைக்குப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் ஒரு பகுதியைச் சொல்லி விண்ணப்பிக்கவேண்டும், பிறகு குலுக்கல். விழுந்தால் அந்தப் பகுதிக்குள் மட்டும்தான் வேட்டையாடலாம். ஆகவே எந்தப் பகுதி என்பதுதான் எல்லாம்.

மாசி, பங்குனி முழுவதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் இருந்தோம். வேலி மேலேயிருந்து பார்க்க ஒரு நேர்கோடு மாதிரித் தெரியும், அதன் ஓரமாக மாடு நடந்த தடம். ஒரு பகுதியைத் திறந்தால் கோடு கோடாக இருந்தது.

"இஞ்சை நெடுக வேலி தொத்தோரே."

"விடுங்கோ. அடுத்ததுக்குப் போங்கோ."

அடுத்த பகுதி அப்படியில்லை. ஒரு கோடு இல்லை. காற்று சீவிவிட்ட மாதிரி வெளி, மெல்லிய மேடும் பள்ளமும், நடுவில் ஒரு நீரோடை. நான் படத்தைத் தள்ளித் தள்ளிக்கொண்டே போனேன். முடியவில்லை.

"வேலி இல்லை தொத்தோரே. ஒரு கம்பியும் இல்லை. றோட்டும் கிட்ட ஓடுது."

"வடிவாப் பாருங்கோ."

"பாத்துப்போட்டுத்தான் சொல்லுறன்."

அவர் கையிரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு சிரித்தார். மனைவி இறந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. தண்ணீர் கொதிக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனேன்.

வீட்டில் என் மனுசன் சும்மா விடுவாரா. அவர் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை செய்து ஓய்ந்தவர். காலையில் பல்லரோச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிவந்து, அன்றைக்கெல்லாம் அதன் விலை நியாயத்தைச் சொல்லுவார்.

"இஞ்சரும், உம்முடைய தொத்தோரின்ரை மாயமான் அம்பிட்டுதோ?"

"மான் இல்லை. காணிதான் பாக்கிறம்."

"ஊரிலை எங்கடை காணியைப் பாக்க ஆளில்லை. அமெரிக்காவிலை காணி பாக்கிறா."

"வாயை வைச்சுக்கொண்டு இருங்கோவன்."

"வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாத மனுசி. உயிரைச் சுடப்போறவருக்கு இடம் காட்டிக் குடுக்கிறீர்."

"சுடுறது அவர். நான் காணிதானே பாக்கிறன்."

"மேலை போனாப்பிறகு கடவுள் கேக்கேக்கையும் உதையே சொல்லும்" என்றார்.

அந்தக் கதை என்னைக் கொஞ்சம் சுட்டதுதான். தொத்தோருடைய வீட்டில் துவக்கு வைத்திருந்த இரும்பு அலுமாரியை மட்டும் நான் ஒருநாளும் தூசி தட்டுவதில்லை. தொத்தோருக்கு அது தெரியும். ஏன் என்று கேட்டதில்லை. நான் எங்கேயிருந்து, எந்தக் காலத்தில் வந்தவள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வேட்டையை நான் நினைக்கவேயில்லை. ஒரு கிழவனுக்கு ஒரு வருடப் பார்வை இருக்கிறது, அதற்குள் அவருக்கு ஒரு வெளி வேண்டும். அதைத்தான் நினைத்தேன்.

மகள் விண்ணப்பத்தை அனுப்பினாள். ஆனி மாதம் குலுக்கலில் விழுந்தது. அந்தப் பகுதியைக் கேட்ட எல்லாருக்குமே பெரும்பாலும் விழுமாம். அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். மற்றவர்கள் ஏன் அதைக் கேட்கவில்லை என்று நினைக்கவில்லை.

அடுத்த நாள் காலை தொத்தோர் நல்ல கழுத்துப்பட்டி கட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு பாருக்குப் போனார். அவ்வொக்காத்தோ வழக்கமான மேசையில் இருந்தார். தொத்தோர் உட்காரவுமில்லை.

"ஒக்டோபரிலை போறன். வழிகாட்டி இல்லாமல்."

"அப்பிடியோ! ஆருடைய காணியிலை?"

"ஆருடையதும் இல்லை. பெரிய வெளி. ஒரு வேலியும் இல்லை. இவதான் பாத்தவ."

அவ்வொக்காத்தோ என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேலி இல்லையெண்டால்? அங்கை ஒருத்தன்ரை காணி இஞ்சையிருந்து செஃபலுப் பட்டினம் வரைக்கும் போகும். அவன் என்னத்துக்கு வேலி போடுறான்? எல்லாம் ஆருடையதோதான். கேக்காமல் காலை வைச்சால் ஷெரிப் வருவான்."

"உனக்கென்ன தெரியும்? நீ காருக்குள்ளை நித்திரை கொண்டனி."

"நித்திரை கொண்டனான்தான். ஆனால் ஒவ்வொரு படலையிலும் வழிகாட்டி இறங்கித் திறக்கேக்கை முழிச்சனான். எல்லாக் காணிக்காரரையும் முதலே கேட்டு வைச்சிருந்தவன். எனக்குச் சொன்னவன்."

"ஏன் எனக்கு நீ இதைச் சொல்லேல்லை?"

"நீ என்னட்டைக் கேட்டனியோ? என்னைக் கண்டால் டாக்ஸி, டாக்ஸி எண்டு நக்கலடிக்கத்தானே உனக்கு நேரம்."

பாரில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவ்வொக்காத்தோவும் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. தொத்தோர் மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்தார். கோப்பி குடிக்காமல் மேலே வந்தோம்.

நடந்ததைப் போனில் கேட்ட மகள் அன்று பின்னேரம் வேறொரு படத்தை அனுப்பினாள். அதில் நிறம் பூசியிருந்தது. மஞ்சள் என்றால் அரசாங்கத்தின் பொதுக் காணி, யாரும் போகலாம். நீலம் என்றால் மாநிலத்துக் காணி, அதிலும் போகலாம். வெள்ளை என்றால் தனியாருடையது. வேலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேட்காமல் போகக்கூடாது.

"என்ன நிறம் தெரியுது?" என்று தொத்தோர் கேட்டார்.

எங்களுக்கு விழுந்த பகுதி முழுவதும் அரிசிமா கொட்டிய மாதிரி வெள்ளை. அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள்தூள் சிந்தின மாதிரி சின்னச் சதுரங்கள்.

"கூடுதலா வெள்ளைதான்" என்றேன்.

"மஞ்சள்?"

"கொஞ்சம்."

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது. நெடுக வேலி என்று நான் சொல்லி, அவர் விடுங்கோ என்று தள்ளிய பக்கத்துப் பகுதி, இந்தப் படத்தில் முழுக்க மஞ்சள். மாடு போகாமல் இருக்கத்தான் அந்த வேலிகளாம். படலையைத் திறந்து, உள்ளே போய், திரும்பவும் பூட்டிவிட்டால் போதும், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்களாம். எல்லாருக்கும் உரிமையான காணியை வேலியைப் பார்த்து விட்டுவிட்டு, ஒருவருடைய காணியை வேலி இல்லை என்று பிடித்திருக்கிறோம். மகள் போனில் இதை ஆறுதலாகத்தான் சொன்னாள். மாற்றமுடியுமா என்று தகப்பன் கேட்க, இனி ஏலாது பாப்பா என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். தொத்தோர் கோபித்தார்.

"வேலியைப் பாக்கச் சொன்னது நான். நீங்கள் கண்டதைச் சொன்னீங்கள். கண் உங்களுடையது, புத்தி என்னுடையது."

அப்படிச் சொன்னது என்னைக் காப்பாற்ற. ஆனால் அது முழு உண்மையில்லை. என் புத்தியும் அதுதானே.

அந்தக் கோடை முழுவதும் மஞ்சள் சதுரங்களைத் தேடினோம். வெளியே அனல்காற்று. யன்னல் பலகைகளைப் பாதி இறக்கி, விசிறியைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு இருப்போம். அநேகமான சதுரங்களுக்கு றோட்டு இல்லை. நாலு பக்கமும் வெள்ளை சூழ்ந்து, கிணற்றுக்குள் விழுந்த மாதிரிக் கிடந்தன. பொதுக் காணிதான், போக வழியில்லை. சில இடத்தில் இரண்டு மஞ்சள் சதுரங்கள் மூலையோடு மூலை தொட்டுக்கொண்டு இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு எட்டி வைத்தால் போகலாம்.

"மூலையிலை ஒரு கால் இஞ்சை, மற்றக் கால் அங்கை. நிலத்தைத் தொடமாட்டன். காத்தும் அவங்கடையோ?" என்று தொத்தோர் போனில் மகளிடம் கேட்டார்.

"பாப்பா, அதைப்பற்றி அங்கை வழக்குப் பேசுகினம். உங்கடை முழங்காலோடை நீங்கள் எட்டி வைக்கப்போறீங்களோ? நடுவிலை விழுந்தால் எந்தப் பக்கம் விழுந்தது எண்டு நான் நீதவானுக்குச் சொல்லவேணும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கோடையில் அப்படியான நேரங்களும் இருந்தன, இல்லை என்று சொல்லக்கூடாது.

ஆவணியில் ஒன்றைக் கண்டேன். நீரோடைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் சதுரம், அதன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு றோட்டு. தட்டையான இடம். தொத்தோர் பூதக்கண்ணாடியை வைத்து, தலையைச் சரித்துப் பக்கவாட்டாகப் பார்த்தார். அப்போதே அவர் நேரே பார்ப்பதைக் குறைத்திருந்தார். நான் கவனித்தேன்.

மகள் அந்த மாநிலத்தில் வேட்டை அனுமதி கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்குப் போன் எடுத்தாள். போனைச் சத்தமாக வைத்து நாங்கள் இங்கே கேட்டோம். ஆங்கிலம் எனக்கு விளங்காது. ஆனால் மறுபக்கத்தில் பேசிய பெண்ணின் குரல் நல்ல பொறுமையான குரல். மகள் ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னாள். சதுரம் பொதுக் காணிதான். ஆனால் அந்த றோட்டின் கடைசித் துண்டு ஒரு பண்ணைக்காரருடையது, றோட்டுக்குக் குறுக்கே படலை பூட்டியிருக்கும். அவரைக் கேளுங்கள், நல்ல மனிதர், அநேகமாக விடுவார். எந்தப் பகுதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டிருந்தால் நாங்கள் முதலே சொல்லியிருப்போமே என்றும் அந்தப் பெண் சொன்னாளாம்.

ஒரு நிமிடத்துக் கதை. மாசி மாதத்தில் அந்தப் போனை எடுத்திருந்தால் முடிந்திருக்கும். ஏன் எடுக்கவில்லை? தொத்தோருக்குத் தன்னுடைய ஆங்கிலம் கூச்சம். மகளைக் கொண்டு கேட்பிக்கக் கௌரவம் விடவில்லை. அவ்வொக்காத்தோவைக் கேட்பது அதைவிடக் கேவலம். நான் என்றால் பலேர்மோவுக்கு வந்த புதிதில் பிழையான பஸ்ஸில் ஏறிவிட்டு, இறங்கவேண்டிய இடத்தை ஒருவரிடமும் கேட்காமல் கடைசித் தரிப்புவரை போய், வந்த வழியே நடந்து வந்தவள். கேட்கக் கூச்சப்படுகிற இரண்டு பேர் ஒரு மேசையில் இருந்து வழி தேடினால் இதுதான் நடக்கும்.

அதிலும் எனக்கு உறைத்தது வேறொன்று. எங்கள் பக்கத்தில் ஒருவர் வளவுக்குள் போவதென்றால் படலையில் நின்று கூப்பிடவேண்டும். "வீட்டுக்காரர்!" என்று குரல் கொடுத்து, வாருங்கோ என்ற பிறகுதான் உள்ளே கால் வைப்போம். படலை திறந்து கிடந்தாலும் அப்படித்தான். அந்தப் பழக்கம் எனக்கு இருந்தது. வேலியைத் தேடியபோது அது ஏன் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

பண்ணைக்காரரைக் கேட்க வேண்டும் என்று மகள் சொல்ல, தொத்தோர் மறுத்துவிட்டார்.

"பொதுக் காணிக்குப் போக ஒருத்தன்ரை வாசலிலை நிண்டு கேக்கிறதோ? எங்கடை மலையிலை நான் ஆரையும் கேட்டதில்லை."

"இது உங்கடை மலை இல்லை பாப்பா."

அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு கிழமை வரை அந்தக் கதையே எடுக்கவில்லை. நான் தக்காளியும் கத்தரிக்காயும் வதக்கி வைத்தேன், குடித்தாரா குடிக்கவில்லையா என்று தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன். ஒருநாள் அவருடைய சேர்ட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே எப்படி வாய் வந்ததோ தெரியாது.

"தொத்தோரே, எங்கடை ஊரிலை கேட்டால் மரியாதை குறையாது."

அவர் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"உங்கடை ஊரிலை கேட்டால் என்ன சொல்லுவினம்?"

"வாருங்கோ எண்டுவினம். தேத்தண்ணியும் தருவினம்."

அன்று பின்னேரம் மகளுக்குத் தானே போன் எடுத்துச் சொன்னார், கேட்டுப்பார் என்று.

மகள் பண்ணைக்காரருடன் கதைத்தாள். அந்த மனிதர் நல்லவராகத்தான் இருந்திருக்கிறார். ஆனால் இந்த வருடத்துக்கு ஆட்கள் நிறைந்துவிட்டார்கள், வசந்தத்தில் கேட்கிறவர்களுக்குத்தான் கொடுக்கிறது என்றாராம். இத்தாலியிலிருந்து ஒரு பல்வைத்தியர் என்றதும், எழுபது கடந்தவரா, தனியாகவா, என்று விசாரித்து, அடுத்த வருடம் வசந்தத்தில் போன் எடுங்கள், பாதையும் தாறேன், என் காணியிலும் நிற்கலாம் என்றிருக்கிறார்.

"அடுத்த வருஷம்" என்று தொத்தோர் திருப்பிச் சொன்னார்.

ஒக்டோபர் வந்தது. காணி இல்லாததால் மகள் டிக்கெட் போடவில்லை. வேட்டை தொடங்கிய கிழமை அவர் பால்கனியில் சால்வையைப் போர்த்துக்கொண்டு இருந்தார். பாருக்குப் போகவில்லை. அவ்வொக்காத்தோ மேலே ஏறி வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு பெட்டி இனிப்போடு. சுவரில் மாட்டிய தலையைப் பற்றியோ மிருகத்தைப் பற்றியோ ஒருவரும் கதைக்கவில்லை. போகும்போது வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நான் முதலே சொல்லியிருக்கலாம் சிஞ்ஞோரா. கேக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

குளிர்காலத்தில் வலது கண் போனது. ஒரேயடியாக இல்லை. ஓரங்கள் தெரியும். நடுவில் புகை என்றார். யாரையாவது பார்க்கவேண்டுமென்றால் முகத்தை அவர்களிடமிருந்து திருப்பிக்கொண்டு பார்ப்பார், வாசலில் வந்து நின்றால் சுவரைப் பார்த்துக்கொண்டு என்னைக் காண்பார். நேரே பார்க்காமல் துவக்குப் பிடிக்கமுடியாது. அதை ஒருவரும் அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. துவக்கு உத்தரவுப் பத்திரத்தை அவர் புதுப்பிக்கவில்லை. துவக்கை முறைப்படி கையளிக்க மகளே வந்து கூட்டிக்கொண்டு போனாள். இரும்பு அலுமாரியை நான் அதற்குப் பிறகுதான் துடைத்தேன்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு மகள் வந்து நின்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொன்னார்.

"அந்தப் பண்ணைக்காரருக்குப் போன் எடு. நாங்கள் வரேல்லை எண்டு சொல்லு."

"பாப்பா, அவருக்கு எங்களை ஞாபகமே இருக்காது. நாங்கள் இன்னும் கேக்கவுமில்லையே."

"வசந்தத்திலை எடுங்கோ எண்டு சொன்ன மனுசன். எடுக்கவேணும்."

மகள் என்னைப் பார்த்தாள். "த்சியா, நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். சின்னவளாக இருந்த காலத்திலிருந்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், அத்தை என்கிற மாதிரி.

"எடுங்கோ பிள்ளை" என்றேன்.

அமெரிக்காவில் அப்போது காலை. மனிதர் எடுத்தார். போன் சத்தமாகத்தான் இருந்தது. நாய் குரைத்தது, ஏதோ இரும்புப் படலை சாத்திய சத்தமும் கேட்டது. மகள் சொன்னாள், அவர் ஏதோ சொன்னார், நீளமாகச் சொன்னார். மகள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"என்னவாம்?" என்றார் தொத்தோர்.

"முதல் கிழமையை உங்களுக்கு எண்டு வைச்சிருந்தவராம். இத்தாலி தொத்தோருக்கு எண்டு. கேட்டு வந்த இரண்டு பேரை மாட்டன் எண்டு அனுப்பினவராம்."

"கேக்காமலே வைச்சிருந்தவரோ?"

"ஓம் பாப்பா."

தொத்தோர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். அப்படித் திருப்பினால் அவர் எங்களைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"நன்றி எண்டு சொல்லு. அந்தக் கிழமையை வேறை ஆருக்கும் குடுக்கட்டும். ஒண்டு மட்டும் கேள். காரை நிப்பாட்டின இடத்திலையிருந்து எவ்வளவு தூரம் நடக்கவேணும் எண்டு."

மகள் கேட்டாள். மனிதர் சிரித்தார், நட்பான சிரிப்பு. மகள் சொன்னாள், நடக்கவே தேவையில்லையாம். விடிந்து வெளுக்கிற நேரம் அந்த மிருகங்கள் ஓடையில் தண்ணீர் குடிக்க வருமாம். காரிலிருந்து இறங்கி, மேட்டில் போய் இருந்தால் போதுமாம். வயதான ஆட்களை அவர் அங்கேதான் இருத்துகிறவராம்.

தொத்தோர் தலையை ஆட்டினார். மகள் நன்றி சொல்லி வைத்துவிட்டுப் பால்கனிப் பக்கம் போனாள். நான் கோப்பைகளை எடுக்க எழும்பினேன். அவர் இன்னும் போன் இருந்த பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நாய் குரைக்கிற சத்தம் திரும்பக் கேட்கும் என்பதுபோல. கோப்பைகளை எடுத்தால் சத்தம் வரும் என்று, எடுக்காமல் அப்படியே நின்றேன்.